காலி வயிற்றுக்கும் ஒரு சீட்டு

ஐஸ் என்று துறைமுகம் கூப்பிடும் பையன் பென்சிலை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தான். கூர் இருந்த பாதியைக் காதில் செருகிக்கொண்டு, மொட்டைப் பாதியைத் தையல் எந்திரத்தின் பலகைமேல் உருட்டிவிட்டான்.

“உங்க பாதியை நீங்களே சீவிக்குங்க மாமா. மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறீங்க, இந்த வேலையாவது செய்யுங்க.”

“முழுசா எடுத்துட்டுப் போடா. வீட்ல வேற இருக்கு.”

“முழுசு கொண்டுபோனா படகுல கேப்டன் பிடுங்கிக்குவாரு. அவருக்குக் காது குடையறதுக்குப் பென்சில்தான் தோது.”

எந்திரத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா தலையைத் தூக்காமலே அதட்டினாள். “வாயை மூடிட்டு எண்ணுடா. நாப்பது இருக்கான்னு பாரு.”

அவன் எண்ணிக்கொண்டிருந்தது பைகளை. கை நீளத்துக்கு மல்துணியில் தைத்து, வாயில் சுருக்குக் கயிறு கோத்த பைகள். சட்டைக்கு உள்துணி வெட்டியதில் மிஞ்சியதைத்தான் அக்கா இப்படிப் பைகளாக்குவாள். ஒவ்வொரு பையிலும் ஒரு சூரை மீனின் இரைப்பை வந்து விழும். அதைக் கத்தரித்துப் பார்ப்பது அவளுடைய கணவரின் உத்தியோகம்.

மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக அவர் அதைத்தான் செய்துவந்தார். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது. துறைமுகத்தில் அவருக்குக் குடல் வாத்தியார் என்று பெயர். அவர் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. அவர் அறுப்பது குடலும் இல்லை, இரைப்பை. இரண்டையும் திருத்திச் சொல்லிப் பார்த்து, ஓய்ந்துபோய் வாத்தியாராகவே இருந்துவிட்டார். மச்சினனுக்கு ஐஸ் என்று பெயர் வந்ததில் மட்டும் தப்பே இல்லை. படகின் கிடங்கில் மீன்களின் வயிற்றைக் கீறி ஐஸ் அடைப்பது அவன் வேலை. கரைக்கு வந்தால் மனிதர்களுக்கு ஐஸ் வைப்பான். அக்காவிடம் புதுச் சட்டை தைத்து வாங்கியது, கேப்டனிடம் லீவு வாங்கியது எல்லாம் அந்த வகையில்தான்.

“காலி வயித்தையும் கட்டிப் போடுடா. போன தடவை எறிஞ்சிட்டே” என்றார் வாத்தியார்.

“காலி வயித்துல பாக்கறதுக்கு என்ன மாமா இருக்கு?”

“ஒண்ணும் இல்லேங்கறது இருக்கில்ல. அதையும் எழுதணும். எழுதலேன்னா கடல்ல எல்லா மீனும் ஏப்பம் விட்டுட்டுத் திரியுதுன்னு கணக்காயிடும்.”

“அப்ப எனக்கும் ஒரு சீட்டுக் குடுங்க. உங்க பொண்டாட்டி காலையிலேர்ந்து ஒரு டீயோட நிக்க வச்சிருக்கா. மீன்: மச்சான், ஒண்ணு. வயிறு: காலி.”

அக்கா காலி நூற்கண்டை எடுத்து அவன்மேல் எறிந்தாள். அவன் பிடித்துக்கொண்டான். பைகளை வாரிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டாமல் கையில் எடுத்தபடியே படியிறங்கினான். அது திங்கட்கிழமை காலை.

சீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பைக்குள்ளும் இரைப்பையோடு ஒரு தடித்த காகிதச் சீட்டு போடுவார்கள். நாள், நேரம், இடம், மீன், வயிறு என்று ஐந்து வரி. பென்சிலால்தான் எழுத வேண்டும். பை போய் ஊறப்போவது சதை கெடாமல் காக்கும் பார்மலின் பீப்பாயில். பேனா மை அதில் கரைந்து ஒரு நாளில் காகிதம் வெள்ளையாகிவிடும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்.

எழுத்து நின்றது. எழுதியிருந்ததுதான் பொய்.

இரண்டு வருடத்துக்கு முன்பே வாத்தியாருக்கு அது தெரியும். சூரை நிற்கத் தெரியாத மீன். நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மூச்சு நின்றுவிடும். ஓயாமல் ஓடுகிற உடம்பு, சூடான உடம்பு; தின்றதை எரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே அதற்கு எப்போதும் பசி. பொழுது விடியும்போதும் சாயும்போதும் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தின்னும். மெல்லாது, முழுசாக விழுங்கும். விழுங்கியது பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கரைந்துபோகும். கரையாமல் கிடப்பது கணவாயின் அலகு ஒன்றுதான். கிளிமூக்கு மாதிரி இருக்கும், நாள்கணக்கில் தங்கும். அலகு பழைய செய்தி, சதை இன்றைய செய்தி என்று வாத்தியார் சொல்வார்.

ஐஸ் இருந்த படகின் சீட்டுகளில் ‘இடம்’ என்ற வரியில் எப்போதும் வடக்கே ஆழ்கடலைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களே இருக்கும். ஆழ்கடல் மீனின் வயிற்றில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கணவாய், கோலா மீன், உடம்பில் விளக்குப் பொட்டு வைத்த சின்ன மீன்கள், இறால். ஆனால் அந்தப் படகின் பைகளைத் திறந்தால் வேறு கடல் வந்து கொட்டியது. கண்ணாடி மாதிரி உடம்பும் இரண்டு கரும்புள்ளிக் கண்ணுமாகப் பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள், நகக்கண் அளவு நண்டுக் குஞ்சுகள், ஒரே வயிற்றில் இருநூறு முந்நூறு. செதிள்கூடக் கலையாமல் கிடக்கும். தின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்காது. மூன்று மணி நேரத்தில் எந்தச் சூரையும் நூற்றைம்பது மைல் ஓடாது. பாறை இருந்தது அத்தனை மைல் தெற்கே, கடலடித் திட்டில். குஞ்சுகள் பெருகட்டும் என்று அங்கே வலையோ தூண்டிலோ போடக்கூடாதென மூடி வைத்திருந்தார்கள்.

அப்போது ஐஸைக் கேட்டார். “நீ எழுதற எடம் ஒண்ணு, மீன் தின்ன எடம் ஒண்ணா இருக்கேடா?”

அவன் சிரித்தான். “மீன் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுது மாமா. நான் சொல்லுவேனா? பேப்பர்ல இருக்கற எடம் பேப்பருக்கு. கேப்டன் சொல்ற நம்பரை நான் எழுதறேன். ரேடியோவுலயும் அதே நம்பர்தான் போகுது. நீங்க நோட்டுல வேற எழுதினீங்கன்னா லைசென்ஸ் போச்சு. பன்னெண்டு பேரும் வீட்ல உக்காந்து உங்க முகத்தைப் பாக்கணும். நானும்தான். எங்கக்கா எனக்கு எத்தனை நாளைக்குச் சோறு போடுவா?”

வாத்தியார் யோசித்தார். சீட்டில் இருப்பதை அப்படியே நோட்டில் ஏற்றுவதுதானே தன் வேலை என்று ஒரு சமாதானம் கிடைத்தது. ஏற்றினார், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் நாற்பத்தோரு பக்கங்கள்.

ஐஸ் புறப்பட்டுப் போய்ப் பன்னிரண்டாவது நாள், வெள்ளிக்கிழமை மாலை, படகு பேசவில்லை என்று செய்தி வந்தது. புதன் மாலை பேசியதுதான் கடைசி. வியாழன் முழுக்கக் கடலில் புயல். சனி காலை தேடும் விமானம் கிளம்பிவிட்டது என்று முதலாளியின் ஆள் வீடு வீடாக வந்து சொன்னான். புதன்கிழமை ரேடியோவில் கேப்டன் சொன்ன எண்களைச் சுற்றித்தான் தேடல். வடக்கே.

அன்று பகல், கடலில் படகு படகாகப் போய் மீன் வாங்கி வரும் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. செவ்வாய் இரவு அந்தப் படகிலிருந்து மீன் ஏற்றிய கப்பல் அது. வாத்தியாருக்கு அதில் ஒரு பீப்பாய் இருந்தது.

“எங்க சந்திச்சீங்க?” என்று கப்பல்காரரைக் கேட்டார்.

“வடக்கேதான் வாத்தியாரே. சொன்ன எடத்துல நின்னாங்க. உங்க மச்சான் கிண்டல் பண்ணிட்டே பீப்பாயைத் தள்ளிவிட்டான். பத்திரமாக் கொண்டுபோ, உள்ள எங்க மாமாவோட சொத்து இருக்குன்னான்.”

மீனை ஒப்படைக்க மட்டும் திட்டைவிட்டு அவர்கள் வெளியே வருவது வழக்கம். ஒப்படைத்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். கப்பல்காரருக்கு அது தெரியாது.

மேசையில் வைத்து முதல் பையைத் திறந்தபோது மணி மூன்று. சுருக்குக் கயிற்றில் மனைவியின் முடிச்சு. சீட்டில் ஐஸின் கையெழுத்து, நடுவில் கோடு போட்ட ஏழு. இடம் என்ற வரியில் வடக்கு எண். இரைப்பையைக் கீறினார். கண்ணாடிக் குஞ்சுகள் தட்டில் சரிந்தன. சில இன்னும் வளையாமல் நேராகவே இருந்தன. அடுத்த பை, அதற்கடுத்த பை. எல்லாம் செவ்வாய் விடியலில் திட்டின்மேல் தின்றவை.

எட்டாவது பையில் காலி இரைப்பை இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்டிருந்தான். சீட்டில் வயிறு என்ற வரியில், ‘காலி. பாத்துக்குங்க மாமா, எறியலை.’

வாத்தியார் கையைக் கழுவினார். அந்த நேரத்தில் அவர் போயிருக்க வேண்டிய இடம் கடற்காவல் அலுவலகம். நடந்தால் கால் மணி நேரம். போகிற வழியில் முதலாளியின் ஐஸ் ஆலை இருந்தது. அதன் மாடிப்படியில் ஏறிவிட்டார்.

முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். “வாங்க வாத்தியாரே. மச்சான் விஷயமா? நம்ம பையனைத் தேடாம விட்டுடுவாங்களா? உக்காருங்க.”

“தேடற எடம் தப்பு முதலாளி.”

“யார் சொன்னா?”

“மீன் சொல்லுது.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. “படகு திட்டுல நின்னுச்சுன்னு எழுத்துல போச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். பன்னெண்டு வீட்டுக்கும் அதுதான் கதி. நான் அதிகாரிகிட்ட வாய்மொழியாச் சொல்லிடறேன். நாளைக்குக் காலையில ப்ளேன் தெற்கே போகும், அது என் பொறுப்பு. எழுத்துல மட்டும் வேணாம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். “உங்க நோட்டும் வெளியே வராது. என்ன சொல்றீங்க?”

வாத்தியார் சரி என்றார். பிற்காலத்தில் அந்தப் படியில் ஏறியதைக்கூட அவர் தனக்குள் மன்னித்துக்கொண்டதுண்டு. அந்தச் சரியை மன்னிக்க முடிந்ததில்லை.

ஞாயிறு பகலில் மனைவி தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். துணி இல்லாமல், நூல் இல்லாமல், சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி இறங்கியது.

“எல்லாப் பக்கமும் தேடுறாங்களா?”

“தேடுறாங்க. தெற்கேயும் போயிருக்காங்க” என்றார்.

“தெற்கே எதுக்கு?”

“ஒருவேளை காத்து தள்ளியிருந்தா.”

அவள் சக்கரத்தை நிறுத்தினாள். “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தச் சூரை... மனுஷனைத் தின்னுமா?”

“தின்னாது. அதுக்குக் கடிச்சுத் தின்னத் தெரியாது. வாய்க்குள்ள போறதைத்தான் விழுங்கும். கை நீளத்துக்கு மேல எதையும் நான் பாத்ததில்ல.”

“வேற மீனு?”

அவள் மறுபடி சக்கரத்தை உருட்டினாள்.

சாயங்காலம் மனசு கேட்காமல் கடற்காவல் அலுவலகத்து வாசல்வரை போனார். அதிகாரி கப்பலில் இருப்பதாகவும், காலையில்தான் வருவார் என்றும் காவலாளி சொன்னான். சுவரில் கரும்பலகை. தேடிய இடங்களைக் கட்டம் கட்டமாகச் சுண்ணாம்புக் கட்டியால் அடித்திருந்தார்கள். எல்லாக் கட்டமும் வடக்கே.

“தெற்கே ஒரு தடவைகூடப் போகலையா?”

“தெற்கே என்ன இருக்கு சார்? அங்கதான் மீன் பிடிக்கவே கூடாதே.”

முதலாளிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை கதவு திறக்கும்போது வாத்தியார் வாசலில் நின்றார். ஒரு கையில் துணிப்பை, அதில் ஆறு கண்ணாடிக் குப்பிகள். அதிகாரி ஒரு பெண்மணி. இரண்டு நாளாகத் தூங்காத கண். குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்து அவர் சொன்னதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“மிதக்கற மரக்கட்டைக்கு அடியிலயும் குஞ்சு மீன் இருக்கும்தானே? ஆழ்கடல்ல அப்படித் தின்னிருக்கலாமில்ல?”

“ஒண்ணு ரெண்டு இருக்கும் மேடம். இருநூறு இருக்காது. இந்த நண்டுக் குஞ்சு கட்டைக்கு அடியில வராது. பாறையை விட்டு இவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள செத்துடும்.”

“இந்தப் படகு எப்பவும் அங்கதான் பிடிச்சுதா?”

“எப்பவும்.”

“உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

அவள் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆள் அனுப்பி நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நாற்பத்தோரு பக்கம். நாற்பத்தொன்றிலும் வடக்கு எண். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கையெழுத்து.

“இது உங்க கையெழுத்துதானே?”

“என்னோடதுதான்.”

“எதுங்க பொய்? அப்ப எழுதினதா, இப்ப சொல்றதா?”

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரேடியோ வடக்கு என்கிறது, கப்பல்காரர் வடக்கு என்கிறார், முதலாளியும் வடக்கு என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அதையெல்லாம் இத்தனை வருடமாகத் தன் கைப்பட ஒப்புக்கொண்ட மனிதர், ஆறு குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து தெற்கு என்கிறார். இருப்பது ஒரே விமானம்.

“எழுதினதுதான் பொய். எழுதிக் குடுக்கறேன். என்ன வேணா பண்ணிக்குங்க. ப்ளேனைத் திருப்புங்க மேடம், உங்க காலைப் பிடிக்கறேன்.”

எழுதிக் கொடுத்தார். மூன்று பக்கம். அவள் அதை மேலிடத்துக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயில் அவருடைய காலிலிருந்து மடிக்கு ஏறி, மடியிலிருந்து இறங்கிப் போயிற்று. உத்தரவு வந்தபோது மணி நாலரை. விமானம் வடக்கிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. விடிந்ததும் தெற்கே போகும் என்றாள் அதிகாரி. “இதை சனிக்கிழமை சொல்லியிருக்கலாமே” என்று கேட்க வாயெடுத்தவள் போல ஒருமுறை பார்த்தாள். அவர் எழுதிய மூன்று பக்கத்தில் மூன்றாவது பக்கம் முழுக்க அதுதான் இருந்தது.

செவ்வாய் காலை, புறப்பட்ட இரண்டாவது மணி நேரத்தில், திட்டுக்கு மேற்கே ஒரு வெள்ளைப் பலகையை விமானம் கண்டது. ஆள் தென்படவில்லை. புதனன்று அதைக் கப்பலில் கொண்டுவந்து துறைமுகக் கொட்டகையில் இறக்கினார்கள். பன்னிரண்டு குடும்பமும் சுற்றி நின்றது.

பலகை இல்லை, மீன் கிடங்கின் மூடி. குளிர் போகாமலிருக்க உள்ளே நுரை அடைத்தது, அதனால் மிதந்தது. அதன் கைப்பிடிகளில் துணிக்கயிறுகள் கட்டியிருந்தன. மூன்று மூன்றாகப் பின்னி, நுனிக்கு நுனி முடிந்து, ஆளின் மணிக்கட்டு நுழையும்படி நாலு வளையம். ஒரு வளையம் அவிழ்ந்து கிடந்தது.

கயிற்றைப் பார்த்த உடனே வாத்தியாரின் மனைவிக்குத் தன் பைகளின் சுருக்குக் கயிறு என்று தெரிந்துவிட்டது. நுனி பிரியாமலிருக்க அவள் போடும் குறுக்குத் தையல் ஒவ்வொன்றிலும் இருந்தது. கிட்டே போய்க் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கயிறாகத் தொட்டாள். கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிய பை ஒன்று மிச்சமிருந்தது. அதன் வாயைத் திறந்தாள். உள்ளே நாலு சீட்டும் ஒரு பென்சில் துண்டும் இருந்தன.

அதிகாரி கை நீட்டினாள். மனைவி கொடுக்கவில்லை, வாத்தியாரிடம் நீட்டினாள். “படிங்க. உங்களுக்குத்தான் எழுதியிருப்பான்.”

முதல் சீட்டில், நாள்: வெள்ளி. நேரம்: விடியல். இடம்: திட்டுக்கு மேற்கே, இந்தத் தடவை நிஜம் மாமா. மீன்: மனுஷன், ரெண்டு. வயிறு: காலி.

இரண்டாவதில், நாள்: சனி. இடம்: இன்னும் மேற்கே. மீன்: மனுஷன், ரெண்டு. வயிறு: ஒண்ணு காலி. கேப்டன் கடல் தண்ணி குடிச்சிட்டாரு, பேச்சு சரியில்ல.

மூன்றாவதில், நாள்: ஞாயிறு. இடம்: தெரியல. மீன்: மனுஷன், ஒண்ணு. வயிறு: காலி.

நான்காவது சீட்டில் எழுத்து பெரிதாக இருந்தது, வரிகளில் அடங்கவில்லை. நாள்: திங்கள். நேரம்: உச்சி வெயில். மற்ற இரண்டு வரியும் வெறுமை. வயிறு என்ற இடத்தில் மட்டும் காகிதம் பள்ளமாகும்படி அழுத்தி, காலி.

வாத்தியார் எல்லாவற்றையும் சத்தமாகத்தான் படித்தார். எந்த இடத்தில் குரல் நின்றது, யார் முதலில் அழுதார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. கூட்டத்தில் கேப்டனின் அம்மா, “என் பையன் பேச்சு சரியில்லையாமே, என்ன பேசினானாம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டது நினைவிருக்கிறது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி கேட்டாள். “சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தெரியும் உங்களுக்கு?”

“மூணு மணிக்கு.”

“ஞாயித்துக்கிழமை எங்கிட்ட தெற்கே போயிருக்காங்கன்னு சொன்னீங்களே?”

“முதலாளி சொல்லியிருப்பார்னு நினைச்சேன்.”

“நினைச்சீங்க.”

அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு மேல் கேட்காமலிருந்ததுதான் அவருக்குக் கிடைத்த தண்டனை. அடித்திருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், பதிலுக்கு அழவாவது செய்திருக்கலாம். அவள் சமைத்தாள், தட்டில் போட்டு மூடி வைத்தாள், தன் வேலையைப் பார்த்தாள். தின்றது எத்தனை மணி நேரத்தில் கரையும் என்ற கணக்கு அவருக்கு எப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அது அந்தப் படகின் கடைசிச் சாப்பாட்டிலிருந்து ஓட ஆரம்பித்தது. புதன் இரவு சாப்பிட்டிருப்பான். வியாழன் புயலில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்கும்.

விசாரணை நடந்தது. முதலாளி சொன்னது ஒரு விஷயத்தில் நிஜமாயிற்று. இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்தார்கள். துறைமுகத்தில் வாத்தியாரைச் சொல்லாமலிருந்ததற்கும் திட்டினார்கள், சொன்னதற்கும் திட்டினார்கள். நிலையத்தில் அவருடைய பதவியைக் கீழே இறக்கி, மேசையை மட்டும் விட்டுவைத்தார்கள். நோட்டில் அடித்துத் திருத்தக்கூடாதென்பது விதி; ஆகவே நாற்பத்தோரு பக்கப் பொய்யும் அதனதன் இடத்திலேயே நின்றன. அவர் ஸ்கேலை வைத்துப் புதுப் பத்தி ஒன்று கோடு போட்டார். ‘வயிறு சொல்லும் இடம்’ என்று தலைப்பு எழுதினார். அதற்கப்புறம் எந்தப் படகும் அவருக்குப் பை அனுப்பவில்லை. ஏலக்கூடத்தில் மீன் வெட்டுபவர்களிடம் கெஞ்சி வாங்கிய இரைப்பைகளை வைத்துக்கொண்டு ஓட்டினார். அவற்றுக்கு நாளும் கிடையாது, இடமும் கிடையாது.

விசாரணை முடிந்து நாலு சீட்டும் திரும்பி வந்த அன்று அவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி எந்திரத்தில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். சீட்டுகளை வாங்கி, பலகைமேல் அடுக்கி, நாள்வாரியாக வைத்தாள்.

“இதை நோட்டுல ஏத்திட்டீங்களா?”

“இதையா?”

“காலின்னாலும் எழுதணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. உங்க பேச்சைக் கேட்டு எழுதியிருக்கான். ஏத்துங்க.”

மறுநாள் ஏற்றினார். செவ்வாய் விடியலில் பிடித்த மீன்களை எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே நாலு வரி. நாள், நேரம், இடம், மீன், வயிறு. நிலையத்தின் தலைவர் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். வருடக் கடைசியில் எல்லா வயிறுகளையும் கூட்டும்போது, காலி என்ற தலைப்பின்கீழ் அந்த நாலும் சேர்ந்துதான் வந்தது. வாத்தியார் கழிக்கவில்லை.

மனைவி இப்போது பை தைப்பதில்லை. மிஞ்சும் துணியைக் கடைக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அவர்கள் பேசிக்கொள்கிறார்கள், கரண்டு போனது, தண்ணீர் வந்தது, எதிர்வீட்டில் யாரோ குடிவந்தது என்று. ஐஸைப் பற்றிச் சில சமயம் அவளே ஆரம்பிப்பாள். சின்ன வயதில் அவன் அப்பாவுக்கு ஐஸ் வைத்து சைக்கிள் வாங்கிய கதை. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். மிச்சத்தைச் சொல்ல மாட்டாள்.

தையல் எந்திரத்தின் இழுப்பறையில் ஊசி, பட்டன், நூற்கண்டுகளோடு பென்சிலின் மொட்டைப் பாதி கிடக்கிறது. நூல் எடுக்கும்போது அவள் அதை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு எடுப்பாள். அதை இன்னும் யாரும் சீவவில்லை.